மாதோட்டத்தின் பெருமையும் உழைப்போரின் கணக்கும்

திருக்கேதீஸ்வரம் பற்றி எழுத முற்படுவோர், அது சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் என்றும், மாதோட்டத் துறையிற் பன்னாட்டு மரக்கலங்கள் நின்றன என்றும் தொடங்குவது நம்மிடையே மரபாகிவிட்டது. இப்பெருமைகளை மறுப்பது எமது நோக்கமன்று. ஆயின், அம்மரக்கலங்களிலிருந்து பொதி இறக்கியவன் யார் என்று நாம் கேட்பதில்லை. போரைப் பற்றிய நமது பேச்சிலும் இதே மனப்பாங்கே நிலவுகின்றது. படைகளின் வெற்றி தோல்விகள் ஆராயப்படுகின்றன. உழைப்பவன் இழந்தது கணக்கிற் சேர்வதில்லை.

இக்கரை தொழிலாளரின் கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தமிழகத்து ஏழை மக்களுட் பெருந்தொகையினர் மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாகவே மலைநாடு சென்றனர். வழியிற் பசியாலும் நோயாலும் மடிந்தோர் பலர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தபோது, அவர்தம் சந்ததியினர் தலைமன்னார்த் துறையிலேயே கப்பலேறினர். 1977, 1983 வன்செயல்களாற் தோட்டங்களை விட்டு விரட்டப்பட்டோருட் பலர் வன்னியில் நிலமற்ற கூலிகளாயினர். அங்கும் போர் அவர்களை விடவில்லை.

போர் எல்லோரையும் ஒருபடித்தாகத் தாக்கியது என்பது அரை உண்மை. வசதி படைத்தோருக்குக் கொழும்பும் கனடாவும் இருந்தன. கடலில் இறங்கினாலன்றி அடுப்பெரியாத கடற்றொழிலாளிக்கு இருந்த வழி, இரவோடிரவாகப் படகேறி இராமேசுவரம் சேர்ந்து அகதி முகாமில் ஒதுங்குவதே. கரையில் தங்கியவனுக்கோ கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும், இரவுத் தொழிலுக்குத் தடை, இயந்திரத்துக்கும் கட்டுப்பாடு. 1984 டிசம்பர் 4ஆம் திகதி, கண்ணிவெடியொன்றுக்குப் பழிதீர்க்கப் படையினர் மன்னாரில் நடத்திய கொலைகளில் அஞ்சலகத்திற் கடமையிலிருந்த ஊழியரும் பஸ் பயணிகளும் பலியாயினர். அவர்கள் கையிலிருந்தவை கடிதங்களேயன்றித் துவக்குகள் அல்ல.

அரச படைகளைக் கண்டிப்பதோடு நாம் நின்றுவிடுவோமாயின் அது நேர்மையாகாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். அவர்களில் மிகப் பெருந்தொகையினர் மன்னார் மாவட்டத்தவர். மன்னார்த் தீவினர் கடல்வழியே கற்பிட்டிக்குச் சென்றனர். ஒரே கடலில் வலைவீசிய, ஒரே சந்தையில் மீன் விற்ற மக்களைத் துவக்குமுனை பிரித்தபோது நமது அறிவுலகம் பெரும்பாலும் வாய்திறக்கவில்லை. தன் இனத்தார் இழைத்த தவறு என்பதால் அதனை மௌனத்தால் மூடுவோர், பிறரிடம் நீதி கேட்கும் தகைமையை இழக்கின்றனர்.

"போர் 2009 மே மாதத்துடன் முடிந்துவிட்டது, 2015இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் மீண்டது, இந்திய உதவியுடன் கருங்கற் திருப்பணி நிறைவெய்தி 2022இற் குடமுழுக்கும் நடந்தது, இனியும் பழையவற்றைக் கிளறுவானேன்?" என்று கேட்போர் உளர். கிளறியவர் எவரும் அரசியல்வாதியல்லர். 2013 டிசம்பரில், அதே ஆலயத்துக்கு அண்மையில், குடிநீர்க் குழாய் பதிக்க மண்ணை வெட்டிய தொழிலாளரின் மண்வெட்டியில் மனித எலும்புகள் தட்டுப்பட்டன. பின்னர் தோண்டியபோது எண்பதுக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிப்பட்டன. அது பழைய இடுகாடே என்றொரு வாதம் எழுந்தது. காணாமற்போனோரின் உறவினர் அதனை ஏற்கவில்லை. இறந்தோர் யாவர் என்று உறவினர் நம்பத்தக்க விடை கிடைக்கும்வரை "முடிந்துவிட்டது" என்ற சொல்லுக்குப் பொருளில்லை. முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் வெளியேற்றப்பட்டபின் அவர்தம் ஊரிற் கடற்படைத் தளம் எழுந்தது. அவர்களுக்கும் இச்சொல் பொருளற்றதே.

போருக்குப் பின்னரும் உழைப்போரை ஒருவரோடொருவர் மோதவிடும் சூழ்ச்சிக்குக் குறைவில்லை. மன்னார்க் கடலில் நம்மவர் வலையை அறுத்துச் செல்லும் இழுவைப் படகில் நிற்பவனும் கூலித் தொழிலாளியே. படகின் முதலாளி கரையில் இருக்கின்றார். 2019ஆம் ஆண்டுச் சிவராத்திரியை ஒட்டித் திருக்கேதீஸ்வர வீதியின் வளைவொன்று பிடுங்கப்பட்டமை சைவரையும் கத்தோலிக்கரையும் எதிரெதிரே நிறுத்தியது. கட்டுக்கரைக் குளத்து நீர் எந்த வயலுக்குப் பாயும்போதும் உழவனின் சமயத்தைக் கேட்பதில்லை. அவ்வறிவு வளைவுக்காகச் சண்டையிட்டோருக்கு இல்லாமற் போயிற்று.

ஆகவே சமாதானத்தை உழைப்பவனின் அளவுகோலாலேயே அளத்தல் வேண்டும். கடற்றொழிலாளி அச்சமின்றிக் கடலுக்குச் செல்லல், கமக்காரன் தன் நிலத்தை மீளப்பெறல், வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம் தன் வளவிற் சமத்துவத்துடன் வாழல், மண்ணிலிருந்து வெளிப்பட்ட எலும்புகளுக்குப் பெயர் கிடைத்தல் ஆகியன நிறைவேறாதவரை நாம் பெற்றிருப்பது போர் ஓய்வு மாத்திரமே. இவை அரசு தானாக அருளும் வரங்களுமல்ல. மூவினத் தொழிலாளரும் ஒருங்கு நின்று கேட்டாலன்றிக் கிட்டா.

பல்கலைக்கழகத்தில் இருக்கும் நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. மாதோட்டத்துக் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செல்லும் மாணவன், அவ்வூர்க் கடற்றொழிலாளியின் வாய்மொழியையும் படியெடுத்து வருவானாக. நாளைய வரலாற்றுக்கு அதுவும் கல்வெட்டே.