கந்தோர் நாற்காலியும் தேக சுகமும்

கண்டிமாநகரைச் சூழ்ந்து நிற்பவை மலைகள். கட்டுகஸ்தோட்டையிலிருந்தோ, பேராதனையிலிருந்தோ, குண்டசாலையிலிருந்தோ நகருக்கு வருபவர் எவராயினும் ஏற்றமும் இறக்கமும் அறியாதவரல்லர். இத்தகைய ஊரில் வாழ்வோருக்கு நடைப் பழக்கம் குறைவதற்கு நியாயமே இல்லை என்று எவரும் எண்ணுவர். ஆனால் நிகழ்வதோ வேறு. வீட்டு வாயிலில் முச்சக்கர வண்டி, வீதியில் பஸ், கந்தோரில் நாற்காலி, மாலையில் மீண்டும் பஸ், இரவில் தொலைக்காட்சியின் முன் மற்றொரு நாற்காலி என்று உத்தியோகத்தரின் நாள் கழிகிறது. மலை இருக்கிறது, ஏறுவாரைத்தான் காணோம்.

மலையகத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இம்மாற்றம் இரண்டு மூன்று தலைமுறைக்குள் நிகழ்ந்துவிட்டது. பாட்டி கொழுந்துக் கூடையுடன் மலைச்சரிவிலே நாள் முழுவதும் நின்றாள். பேத்தி வங்கியிலே கணினியின் முன் எட்டு மணி நேரம் அமர்ந்திருக்கிறாள். பாட்டியின் உழைப்பு இன்பமானதன்று; அதற்குக் கிடைத்த கூலியும் அற்பம். அந்த நிலைக்குத் திரும்ப யாரும் விரும்பார், விரும்பவும் வேண்டாம். ஆயினும், ஆகாரத்தின் அளவு குறையாமல் அதை எரிக்கும் உழைப்பு மாத்திரம் மறைந்துவிட்டால், எஞ்சுவது எங்கே போகும்? அது வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகத் தங்குகிறது.

இவ்வாறு வயிற்றினுள்ளே, ஈரல் முதலிய உறுப்புக்களைச் சூழ்ந்து படியும் கொழுப்பு வெறும் பாரமன்று. இன்சுலின் என்னும் சுரப்பு தன் கடமையைச் செய்யவொட்டாமல் அது தடுக்கிறது. இரத்தத்திலுள்ள சீனியைத் தசைகள் முன்போல் ஏற்பதில்லை. ஈரலோ அளவுக்கு மிஞ்சிச் சீனியையும் கொழுப்பையும் இரத்தத்தில் விடுகிறது. இதன் பயனாக ஒன்றையொன்று தொடர்ந்து வரும் ஐந்து அறிகுறிகளை வைத்தியர்கள் குறிப்பிடுகின்றனர். இடுப்பின் சுற்றளவு மிகுதல், இரத்த அழுத்தம் 130/85க்கு எட்டுதல், வெறும் வயிற்றில் சீனி 100 மில்லிகிராம் அளவை அடைதல், டிரைகிளிசரைட் என்னும் கொழுப்பு 150ஐத் தொடுதல், நன்மை செய்யும் கொழுப்பு குறைதல் என்பனவே அவை. இவற்றுள் எவையேனும் மூன்று ஒருவரிடம் கூடியிருந்தால் அதற்கு அனுசேப நோய்க்குறித் தொகுதி என்று பெயர். 1988இல் அமெரிக்க வைத்திய அறிஞர் ஜெரால்ட் ரீவன் இதனை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நீரிழிவும் மாரடைப்பும் நுழைவதற்கு முன் திறக்கும் கதவு இதுவே.

இதில் நம்மவர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தென்னாசிய மக்களுக்கு இடுப்பளவின் எல்லை ஐரோப்பியருக்கு உரியதைவிடச் சிறியது. ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர். பார்வைக்கு மெலிந்தவராகத் தோன்றும் ஒருவரும் இவ்வெல்லையைக் கடந்தவராயிருக்கலாம். அளவு நாடா ஒன்று போதும், வீட்டிலேயே அறிந்துகொள்ளலாம்.

இலங்கையில் 2005ஆம், 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவிய ஆய்வொன்று நடைபெற்றது. அதன்படி வயது வந்தோரில் 100க்கு ஏறக்குறைய 24 பேரிடம் இந்நிலை காணப்பட்டது. பெண்களில் 28, ஆண்களில் 18. நகரங்களில் 35, கிராமங்களில் 22. நீரிழிவு இருந்தவர்களுள் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். குடும்பத்தைத் தாங்கும் தந்தையோ தாயோ அறியாமலே சுமக்கும் பாரம் இது. ஒருநாள் அவர் படுக்கையில் விழுந்தால் பிள்ளைகளின் படிப்பும், வீட்டுக் கடனும், மூத்தோரின் மருந்துச் செலவும் என்னாகும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

தொழிலுக்கும் தேக நிலைக்கும் உள்ள உறவை அறிய லண்டன் நகரத்து வரலாறொன்று உதவும். ஜெரமி மொரிஸ் என்னும் வைத்தியர் அந்நகரின் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறக்குறைய 31,000 பேரை ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டார். இரட்டைத்தட்டு பஸ்ஸில் சாரதி நாள் முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாகப் படியேறி இறங்கினார். ஒரே பஸ், ஒரே வீதி, ஒரே முதலாளி. ஆயினும் இருதய நோய் சாரதிகளை நடத்துநர்களைவிட மிகுதியாகத் தாக்கிற்று. பின்னர் 1956இல் அவர்களது சீருடை அளவுகளை ஆராய்ந்தபோது, சாரதிகளின் காற்சட்டை இடுப்பளவு பெரிதாயிருந்ததும் வெளிப்பட்டது. பருமனானவர்களே சாரதித் தொழிலை நாடினார்களோ என்ற ஐயத்தையும் இது எழுப்பியது. எனினும் பின்வந்த ஆய்வுகள் பல, உடலியக்கம் இருதயத்தைக் காக்கும் என்பதை உறுதிப்படுத்தின.

சரி, நோய் தொழிலிடத்தில் பிறக்குமாயின், பரிகாரமும் அங்கே பிறக்குமா? இதற்கு விடை தந்தவர்களுள் நமக்கு அண்மையிலிருப்போர் சென்னை வைத்தியர்கள். டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் எல்லையில் நின்ற 531 பேரை மூன்றாண்டுக் காலம் அவதானித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேர் நீரிழிவாளராயினர். உணவையும் நடையையும் திருத்தத் தொடர்ந்து ஊக்கம் பெற்றவர்களிலோ அத்தொகை 39 ஆயிற்று. மருந்து மாத்திரை கொடுக்கப்பட்டவர்களும் இதைவிட அதிகப் பயன் அடையவில்லை.

பின்னர் அதே குழுவினர் தொழில் புரியும் ஆண்கள் 537 பேரிடம் மற்றொரு முயற்சி செய்தனர். ஒரு பகுதியினருக்கு உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகளைக் கைத்தொலைபேசி வழியே இடைவிடாது அனுப்பினர். 2013இல் வெளியான முடிவு இது: ஈராண்டில், செய்தி பெறாதவர்களில் 100க்கு 27 பேரும், பெற்றவர்களில் 18 பேரும் நீரிழிவுக்கு ஆளாயினர். அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரும் பரிசோதனையில் இன்னும் சிறந்த பலன் கிட்டியது. அங்கே உடல் எடையில் 100க்கு 7 பங்கு குறைத்தலும், வாரத்துக்கு 150 நிமிட நடையும் குறிக்கோளாக இருந்தன. நீரிழிவு வரும் அபாயம் 58 சதவீதம் குறைந்தது.

இவற்றிலிருந்து நாம் கற்பது யாது? ஒருநாள் முகாம் நடத்தி, இரத்தம் எடுத்து, சுவரில் படம் ஒட்டிவிட்டுப் போவது போதாது. மாதந்தோறும் தொடரும் நினைவூட்டலும், கூட நடக்கும் துணையுமே பலன் தந்தவை. ஊர் கூடினாலன்றித் தேர் நகராது. தனியொருவர் "எனக்குச் சீனி வேண்டாம்" என்றால் கந்தோரில் அது கேலிக்கிடமாகிறது. பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் அதுவே வழக்கமாகிவிடுகிறது.

கண்டியின் கந்தோர்கள், வங்கிகள், கடைகள், பல்லேகலைத் தொழிற்சாலைகள் ஆகியவற்றில் செய்யக்கூடியவை பல உள்ளன. முதலாவது தேநீர். தேயிலை விளையும் நாட்டில் தேநீரை விடச்சொல்வார் யார்? விடவேண்டியது சீனியை. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் நாளுக்கு நான்கு கோப்பை அருந்தினால் எட்டுக் கரண்டி சீனி உட்செல்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் நாளொன்றுக்கு ஆறு கரண்டிக்குள் நிற்பது நன்றென்கிறது. சீனியைத் தேநீரில் கலந்து கொடாமல் தனியே வைத்தாலே பாதி வெற்றி கிட்டும். கூட்டங்களில் பற்றிஸ், ரோல்ஸ், கேக் என்பவற்றுக்குப் பதிலாக அவித்த கடலையும் வாழைப்பழமும் வைக்கலாம்.

இரண்டாவது மதிய உணவு. சோற்றுப் பார்சலில் பெரும்பகுதி சோறாகவும், மூலையிலே சிறிதளவு கறியாகவும் இருப்பதை மாற்றவேண்டும். பாதிப் பங்கு கீரை வறையும் காய்கறியும், கால் பங்கு பருப்போ மீனோ, கால் பங்கு சோறு என்பதே நல்ல முறை. வல்லாரையும் பொன்னாங்காணியும் நம் சந்தையில் அரிய பொருள்களல்ல.

மூன்றாவது நடை. உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தாலும் தசைகள் இரத்தச் சீனியை ஈர்த்துக்கொள்கின்றன. நகரின் நடுவே வாவி கிடக்கிறது; அதைச் சுற்றினால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். தினமும் முழுச் சுற்று முடியாதாயினும், மாலையில் இரண்டு தரிப்பிடங்களுக்கு முன்பே பஸ்ஸை விட்டு இறங்கலாமல்லவா? 

இனி, நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. 2011 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இயங்குகின்றன. 35 வயதைக் கடந்தோர் அங்கே கட்டணமின்றிப் பரிசோதனை பெறலாம். எனினும் ஆண்கள் அங்கே வருவது குறைவு. வேலை நேரமே பெருந்தடை. அரை நாள் விடுப்புத் தந்தோ, வைத்தியக் குழுவைத் தொழிலிடத்துக்கே அழைத்தோ இத்தடையை நீக்குவது மேலாளரின் கடமை. அதனினும் முக்கியமானது நம்பிக்கை. பரிசோதனை முடிவு ஊழியருக்கும் வைத்தியருக்கும் மட்டுமே உரியது. அது பதவி உயர்வுக்கோ வேலை நீக்கத்துக்கோ காரணமாகும் என்ற அச்சம் எழுந்தால், நாளை ஒருவரும் கை நீட்டமாட்டார்.

பெண்களின் நிலை தனியே எண்ணத்தக்கது. எண்கள் அவர்களையே மிகுதியாகச் சுட்டுகின்றன. ஆனால் மாலை நடைக்கு அழைத்தால், வீட்டு அடுப்பு அவர்களை முன்னரே அழைத்துவிடுகிறது. ஆதலின் அவர்களுக்குரிய நேரம் வேலை நேரத்துக்குள்ளேயே ஒதுக்கப்படவேண்டும். வீட்டிலும், "அப்பாவுக்குத் தனிச் சமையல்" என்று அம்மாவின் சுமையைக் கூட்டாமல், எல்லோருக்கும் ஏற்ற ஒரே சமையலைச் சமைப்பதும், அதில் எல்லோரும் கைகொடுப்பதுமே முறை. அந்த உணவு பிள்ளைகளுக்கும் நல்லதே.

மாணவர்களே! இன்று மாலை ஒரு நாடாவை எடுத்து உங்கள் பெற்றோரின் இடுப்பை அளந்து பாருங்கள். அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அளவு மிகுந்திருந்தால், "நாளை முதல் நானும் உங்களோடு நடக்கிறேன்" என்று சொல்லுங்கள்.