சிறுத்தை பார்க்க எங்க போகணும்?

போன மாசம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு சஃபாரி வீடியோ பார்த்தோம். கென்யாவின் மசாய் மாராவில் தொடங்கி தான்சானியாவின் செரெங்கெட்டியில் முடிகிற பயணம். சிங்கம், யானை, ஆறு தாண்டும் மாட்டுக் கூட்டம் எல்லாம் அழகுதான். எங்களை நிறுத்தியது வேற ஒரு விஷயம்.

மாராவும் செரெங்கெட்டியும் ஒரே புல்வெளி. பத்து லட்சத்துக்கும் மேலான வில்டபீஸ்ட் வருஷா வருஷம் அந்த எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்புது. சுற்றுலாப் பயணி அதே வழியால போக ஏலாது. 1977இல் கிழக்கு ஆப்பிரிக்க சமூகம் உடைந்தபோது மூடிய பாதை அது. இசெபானியா வரை சுத்திப் போய், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கிட்டுத்தான் அந்தப் பக்கம் இறங்கணும்.

"மாட்டுக்கு இல்லாத எல்லை மனுசனுக்கு" என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு ரொம்ப நேரம் நிக்கல. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்த கதை எங்க எல்லார் வீட்டிலும் இருக்கு. தலைமன்னாருக்குப் போன அத்தையோ சித்தப்பாவோ இல்லாத லயம் ஏது?

சரி, சிறுத்தைக்கு வருவோம். அதைப் பார்க்க நாங்கள் நாடு தாண்டத் தேவையில்ல, லயத்தைத் தாண்டினா போதும். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது புதுசு இல்ல. ராத்திரி நாய் குரைக்கும், அப்புறம் குரைக்காது, காலையில் சங்கிலி மட்டும் கிடக்கும். அஞ்சலி வாட்சன், அன்ட்ரூ கிட்டில் இருவரின் ஆய்வுக் குழு இந்தப் பகுதியில் பல வருஷமாகத் தானியங்கிக் கெமரா வைத்துப் படம் எடுக்குது. தேயிலை மலைக்கும் காட்டுத் துண்டுகளுக்கும் நடுவில் சிறுத்தைகள் நடமாடுவது அதில் பதிவாகுது. கொழுந்து எடுக்கிற அம்மாமார் அதைக் கெமரா இல்லாமலே சொல்லிட்டு இருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

2020 மே 26. நல்லதண்ணியில், லக்ஷபான தோட்டத்தில், மரக்கறித் தோட்டத்தில் வைத்திருந்த கம்பிச் சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் செத்துப்போச்சு. ஃபேஸ்புக் முழுக்க சிறுத்தைக்குக் கண்ணீர், தோட்டத்து ஆளுக்கு வசவு. சுருக்கு வைப்பது குற்றம், அதில் எங்களுக்கு இரண்டு பேச்சு இல்ல. ஆனா அந்தக் கம்பி சிறுத்தைக்கு வைப்பதில்ல, பன்றிக்கு வைப்பது. நாள் சம்பளத்தில் குடும்பம் ஓடாததால் லயத்துப் பக்கத்தில் போட்ட லீக்ஸையும் கிழங்கையும் ஒரே ராத்திரியில் பன்றி கிண்டிப்போட்டா, அதுக்கு நட்டஈடு கேட்டு எந்தக் கந்தோருக்குப் போவது? அழுதவர்களில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை.

மாராவில் 2024 ஜூலையிலிருந்து, சீசன் நேரத்தில் வெளிநாட்டார் ஒருத்தருக்கு ஒரு நாள் கட்டணம் 200 டொலர். அதைவிட முக்கியம், மாராவைச் சுற்றியுள்ள நபோய்ஷோ மாதிரியான இடங்களில் மசாய் குடும்பங்கள் தங்கள் காணியைச் சேர்த்து சுற்றுலா முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். மாசாமாசம் பணம் வருது. சிங்கம் உயிரோடு இருந்தா வீட்டுக்கு வருமானம். அங்கேயும் எல்லாம் தேன் இல்ல, மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் லோலியொண்டோவில் 2022 ஜூனில், மசாய் மக்கள் மாடு மேய்த்த நிலத்தை அரசு எல்லைக்கல் நட்டுப் பிரித்தபோது துப்பாக்கிச் சூடே நடந்தது.

ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் ஒன்றுதான். நபோய்ஷோவில் காணி உறுதி மசாய்க்காரர் கையில் இருந்தது. எங்க கையில் என்ன இருக்கு? 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனபோதும் நிலம் அரசுக்குத்தான் சொந்தம், கம்பனிக்கு நீண்டகாலக் குத்தகை. நாங்கள் அந்தக் கணக்கிலேயே இல்ல. 7 பேர்ச் வீட்டுக்கே உறுதி கிடைக்கவில்லை என்று இன்னும் பலர் அலையுறாங்க. இந்த நிலைமையில் துரைமார் பங்களாக்கள் ஹோட்டல் ஆகி, "சிறுத்தை நடமாடும் மலை" என்று விளம்பரம் வந்தா, அந்தப் படத்தில் நாங்கள் தேத்தண்ணி ஊத்துற ஆளாகத்தான் இருப்போம். நாயைப் பறிகொடுத்ததும், மலையில் பயந்து பயந்து கொழுந்து எடுத்ததும் யார் கணக்கிலும் வராது.

சுற்றுலா வேணாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மலை தெரிந்தவன், வழிகாட்டியாகப் போக சிங்களமும் இங்கிலீசும் பேசத் தெரிந்தவன் எங்களில் நிறைய பேர் இருக்கான், கொழும்பில் கடையில் நிக்கிறான். ஆனா பேச்சை வழிகாட்டிப் பயிற்சியிலிருந்து தொடங்காதீங்க, காணியிலிருந்து தொடங்குங்க.

இப்போதைக்கு எங்களால் முடிந்ததைச் செய்றோம். எந்த மலையில் எப்போது சிறுத்தை கண்டது, எத்தனை நாய் போனது, எவ்வளவு மரக்கறியைப் பன்றி அழித்தது என்று பிரிவு பிரிவாக ஒரு கொப்பியில் எழுதுகிறோம். அஞ்சு பிரிவு முடிஞ்சிருக்கு. உங்க தோட்டத்துக் கணக்கையும் அனுப்புங்க, அம்மாவிடம் கேட்டுட்டு.