பல்லைக் காட்டும் இனிப்பு

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" என்பது நம் மூத்தோர் வாக்கு. அந்தப் பல்லையே இனிப்பாகச் செய்து குச்சியிலே செருகிக் கையில் தரும் காலம் இது! கேக் பொப் என்னும் இப்பண்டத்தை 2008ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பெண்மணி ஏஞ்சி டட்லி பிரபலப்படுத்தினார். இன்று அது பூவாய், பொம்மையாய், பல்லாய் எத்தனையோ வடிவம் எடுத்துவிட்டது.

இவ்வாண்டு எமது பாடசாலை விற்பனைச் சந்தைக்குப் பல் வடிவக் கேக் பொப் செய்வதென்று பத்தாம் தர மாணவிகளாகிய நாம் முடிவு செய்தோம். கேக்கை உதிர்த்து, பட்டர் ஐசிங் சேர்த்துப் பிசைந்தோம். கடைவாய்ப் பல்லைப் போல மேலே மேடுபள்ளமும் கீழே இரு வேர்களும் வைத்தோம். குச்சியின் நுனியை உருக்கிய வெள்ளைச் சொக்லேற்றில் தோய்த்துச் செருகி, குளிரவைத்து, பின்னர் முழுவதையும் அதில் முக்கி எடுத்தோம். முதல் தடவை ஐசிங் கூடிவிட்டது. பற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, "பாட்டியின் பற்கள்!" என்று கைகொட்டிச் சிரித்தோம்.

சந்தையன்று அச்சிரிப்பு அடங்கியது. ஆரம்பப் பிரிவுத் தங்கை ஒருத்தி ஆசையோடு வாங்கி, ஒரு கடி கடித்ததும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிஸ்டர் அவளை அழைத்துச் சென்று வாய் கொப்பளிக்கச் செய்தார். கடைவாயில் சூத்தைப் பல்! பாற்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று வீட்டில் விட்டிருந்தார்களாம். பல் வைத்தியரோ அது நிரந்தரப் பல் என்றாராம்.

பெற்றோரே, இதைச் சற்றுக் கவனியுங்கள். ஆறு வயதளவில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல், எந்தப் பாற்பல்லும் விழாமலே பின்னால் முளைக்கிறது. ஆகவே பலர் அதைப் பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். அது போனால் வேறு முளைக்காது.

அப்படியானால் இனிப்பே வேண்டாமா? நாம் அவ்வாறு கூறவில்லை. வாயிலுள்ள கிருமிகள் சீனியை அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன. உமிழ்நீர் மெல்ல மெல்ல அதைச் சரிசெய்கிறது. ஓயாமல் கொறித்தால் உமிழ்நீருக்கு அவகாசம் ஏது? குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் அம்மம்மா தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதித்துப் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார். அதுவும் இனிப்புத்தான். ஆனால் அது ஒரு நாள் கொண்டாட்டம். தினந்தோறும் இடைவேளைக்குத் தருவதன்று.

எனவே அடுத்த சந்தையிலும் பல் கேக் விற்போம். அளவைச் சிறிதாக்கி, அருகே தண்ணீரும் வைப்போம். பெற்றோர் ஆறு வயதுப் பிள்ளையின் வாயைத் திறந்து கடைசிப் பல்லை ஒரு தரம் பார்க்கட்டும். நாம் செய்த பல் உடைந்தால் மறுபடி உருட்டலாம். தங்கையின் பல்லை யார் உருட்டித் தருவார்?