சங்கிலியைத் தேடும் கேமரா

பாதிக்கப்பட்டவரின் முகத்தைக் காட்டினால்தான் பார்ப்பவர் மனம் இளகும், மனம் இளகினால்தான் மனிதக் கடத்தல் ஒழியும் என்கிறார்கள். நன்கொடை வேண்டுகோள்களிலும் புகைப்படப் போட்டி அறிவிப்புகளிலும் அடிக்கடி தென்படும் வாதம் இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

முகம் இல்லாமல் முடியாது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். 2015இல் அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் இந்தோனேசியாவின் பெஞ்சினாவில், மீன்பிடிக் கப்பல்களில் அடிமைகளாக உழைத்தவர்களைக் கண்டறிந்தார்கள். பெரும்பாலோர் மியான்மர்க்காரர்கள். சிலர் கூண்டுக்குள் கிடந்தார்கள். ஒரு பத்திரிகைக்கு இதைவிடப் பெரிய படம் எங்கே கிடைக்கும்? ஆனாலும் நிருபர்கள் அவசரப்படவில்லை. செய்தியில் அடையாளம் தெரியக்கூடியவர்களைப் பற்றிப் புலம்பெயர்வோருக்கான சர்வதேச அமைப்பிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகே வெளியிட்டார்கள். கூண்டுப் படம் உலகை உலுக்கியது; அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அடிமைகள் பிடித்த மீன் எந்தக் கப்பலில் ஏறித் தாய்லாந்துக்குப் போகிறது, அங்கிருந்து எந்த லாரியில் எந்த ஆலைக்குப் போகிறது, அமெரிக்காவில் யார் வாங்குகிறார்கள் என்று அடிக்கு அடி பின்தொடர்ந்ததால்தான் வியாபாரிகள் தப்பிக்க முடியாமல் போனது. அந்த வரிசையில் எனக்கு முக்கியமாகப்படுவது செயற்கைக்கோள் எடுத்த ஒரு படம். பப்புவா நியூ கினி கடலில் ‘சில்வர் சீ 2’ என்ற சரக்குக் கப்பல், இருபுறமும் மீன்பிடிக் கப்பல்கள் ஒட்டி நிற்கின்றன. முகமும் இல்லை, கண்ணீரும் இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே இந்தோனேசியா கப்பலைப் பிடித்தது. இந்தப் புலனாய்வால் 2,000க்கும் மேற்பட்டோர் விடுதலையானார்கள்.

‘படம் சட்டத்தையே கொண்டுவந்திருக்கிறதே’ என்று லூயிஸ் ஹைனைச் சொல்வார்கள். 1908 முதல் அமெரிக்க ஆலைகளில் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்தவர். படத்தோடு அவர் விடவில்லை. வயது, வேலை நேரம், கூலி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். தன் சட்டைப் பொத்தான்களை அளவுகோலாக்கிப் பிள்ளைகளின் உயரத்தைக் கணக்கிட்டார். அப்படியும் 1916இல் வந்த சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நாடு முழுமைக்குமான சட்டம் நிலைக்க 1938 ஆயிற்று.

‘அவர்களே சம்மதித்தார்கள்’ என்பது அடுத்தது. சோறும் படுக்கையும் தந்த நிறுவனமே கேமராவோடு வந்து நின்றால், நேற்று மீட்கப்பட்ட பெண் எப்படி வேண்டாம் என்பாள்? குழந்தையென்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2017இல் கொல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சியில் ஒரு சிறுமி வாடிக்கையாளரோடு இருக்கும் படம், அவள் முகம் தெரிய, சர்வதேசப் புகைப்படப் போட்டி ஒன்றுக்கு விளம்பரமாகப் போடப்பட்டது. கண்டனம் எழுந்த பிறகே நீக்கினார்கள். குற்றத்துக்கு இரையான குழந்தையின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடுவதை நம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை உண்டு. விருதுக் குழுக்கள் இதைப் படித்திருக்குமா என்பது வேறு விஷயம்.

கடைசியாக, சங்கிலி, கட்டிய கைகள், பூட்டிய கதவு, வாய் பொத்திய உள்ளங்கை என்று வரும் படங்கள். ‘கொஞ்சம் மிகை, ஆனால் கெடுதல் இல்லை’ என்கிறார்கள். கெடுதல் இருக்கிறது. நம் செங்கல் சூளைகளில் ஆளைப் பிடித்துவைப்பது முன்பணம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் சங்கிலியைக் கேட்கவில்லை. கடனுக்காக இடம் மாற முடியாமல் உழைப்பதே போதும். சங்கிலிப் படங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சூளையில் பிள்ளைகளோடு கல் அறுக்கும் குடும்பம் சாதாரணக் கூலிக் குடும்பமாகத்தான் தெரியும். ஆய்வுக்கு வருபவரின் கண்ணும் அதே கண்தான்.

அப்படியானால் படமே வேண்டாமா? வேண்டும். முதலாளியின் கணக்கு நோட்டை எடுக்கலாம், ஆளேற்றி வந்த லாரியின் எண்ணை எடுக்கலாம், குடும்பம் தூங்கும் குடிசையை எடுக்கலாம். முகம்தான் வேண்டுமென்றால், அவர் விடுதலைச் சான்றிதழும் மறுவாழ்வுத் தொகையும் வாங்கி, யார் தயவும் தேவைப்படாத நிலைக்கு வந்தபின் போய்க் கேட்கலாம். அவர் மறுத்தால் திரும்பி வந்துவிட வேண்டும்.