நிறுத்தச் சொல்லும் கை யாருடையது?

கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டதிலிருந்து தென்சென்னைப் புறநகருக்கு ஊர் அடங்கும் நேரம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. விடியற்காலை மூன்று மணிக்குத் தென்மாவட்ட வண்டியிலிருந்து இறங்குபவரை ஏற்றிக்கொண்டு முடிச்சூருக்கோ மேடவாக்கத்துக்கோ போகும் ஆட்டோ, சிறுசேரியில் ஷிப்ட் முடிந்த பெண்களை வீடு சேர்க்கும் கம்பெனி கேப், ஒரகடம் ஆலைகளுக்கு ஆள் ஏற்றும் பேருந்து, கடைசி ஆர்டரைக் கொடுத்துவிட்டுக் கேம்ப் ரோடு வழியாகத் திரும்பும் இளைஞர் என இங்கே இரவெல்லாம் வண்டி ஓடுகிறது. கடைகளை 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று 2019இல் ஆணை பிறப்பித்தது தமிழக அரசுதான். இரவை வேலை நேரமாக்கிய அரசு, இரவில் வண்டி ஓட்டுபவரைச் சந்தேகப் பேர்வழியாக நடத்துவதை ஏற்க முடியாது. வாகனத் தணிக்கையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது வெளிச்சத்தில், காவலரின் பெயர் தெரிய, கேமராவில் பதிவாகி நடக்க வேண்டும் என்கிறோம். அப்படி நடத்த முடியாத தணிக்கையைத் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் தன் எல்லைக்குள் அடியோடு கைவிட வேண்டும்.

தணிக்கைக்கான தேவை உண்மையானது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது சட்டம். ஜி.எஸ்.டி. சாலையிலும் வெளிவட்டச் சாலையிலும் குடித்துவிட்டுப் பறப்பவரை மறிக்காமல் விட்டால், எதிரே வரும் குடும்பம்தான் அடிபடும். மறிப்பவருக்கும் ஆபத்து உண்டு. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை இரவில் தனியாக விரட்டிச் சென்ற திருச்சி நவல்பட்டுக் காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் வெட்டிக் கொல்லப்பட்டார். இரவுப் பணிக்குப் போகும் ஒவ்வொரு காவலர் வீட்டிலும் இந்த இரண்டு பெயர்களும் நினைவில் இருக்கும்.

நம் பக்கத்திலேயே 2023 ஆகஸ்ட் 1 அதிகாலை கூடுவாஞ்சேரி அருகே காரணைப்புதுச்சேரியில் என்ன நடந்தது? வாகனத் தணிக்கையில் நிறுத்தச் சொன்ன கார் காவல் வாகனத்தின் மேல் மோதியது, இறங்கியவர்கள் அரிவாளால் உதவி ஆய்வாளரை வெட்டினார்கள், தற்காப்புக்காகச் சுட்டதில் இருவர் இறந்தார்கள் என்று காவல்துறை அறிவித்தது. இறந்தவர்கள் மேல் பல வழக்குகள் இருந்தன. அது நடந்த விதத்தைப் பொதுமக்கள் அறிந்தது காவல்துறையின் வாய்மொழியால் மட்டுமே. சொன்னது அத்தனையும் உண்மையாகவே இருக்கட்டும். அந்தக் காவலர்களின் மார்பில் ஒரு கேமரா இருந்து, பதிவு வெளியிடப்பட்டிருந்தால் யாரும் சந்தேகம் கிளப்பியிருக்க முடியாது. வெட்டுப்பட்ட அதிகாரிக்குச் செய்யும் நியாயமும் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 18 இரவு சென்னை கெல்லீஸ் பகுதியில் வாகனச் சோதனையில் ஓர் ஆட்டோ நிறுத்தப்பட்டது. அதில் வந்த 25 வயது இளைஞர் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு மறுநாள் இறந்தார். உடல்நலக் குறைவு என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. உடற்கூறாய்வில் காயங்கள் தெரிந்த பிறகு வழக்கு கொலை வழக்காக மாறியது, சி.பி.சி.ஐ.டி. விசாரணையில் காவல்துறையினர் ஆறு பேர் கைதானார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2021 ஜூனில், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் அருகே ஊரடங்குச் சோதனைச் சாவடியில் லத்தியால் அடிக்கப்பட்ட வியாபாரி ஒருவர் இறந்தார். சிறப்பு உதவி ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். எந்தப் பயங்கரவாதியையும் தேடிய வேட்டையல்ல இவை, வழக்கமான சோதனைகள்.

தென்புறநகரில் வண்டி ஓட்டும் பெண்களுக்கு இன்னொரு பயம் இருக்கிறது. கை காட்டுபவர் உண்மையில் போலீஸ்தானா? 2025 ஜனவரி 25 இரவு கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு அருகே பெண்கள் வந்த காரைக் கட்சிக் கொடி கட்டிய காரில் வந்தவர்கள் குறுக்கே நிறுத்தி மறித்தார்கள். வண்டியைப் பின்னோக்கி எடுத்துத் தப்பிய பெண்களைக் கானத்தூரில் அவர்கள் வீடு வரை விரட்டி வந்தார்கள். காரிலிருந்து எடுக்கப்பட்ட அந்தக் காணொலியைத் தமிழ்நாடே பார்த்தது. கானத்தூர், தாம்பரம் ஆணையரகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. அந்தப் பெண்கள் நிற்காததால்தான் தப்பினார்கள். இதைப் பார்த்த ஒரு பெண், அடுத்த வாரம் அதே சாலையில் இருட்டிலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் அசைந்தால் என்ன செய்ய வேண்டும்? நின்றால் பயம், நிற்காவிட்டால் தப்பியோடிய வழக்கு.

சீருடை அணிந்தவரே குற்றவாளியாக இருந்ததும் உண்டு. 2024 டிசம்பரில் திருவல்லிக்கேணியில் சோதனை என்ற பெயரில் மறிக்கப்பட்ட ஒருவரிடமிருந்து லட்சக்கணக்கில் பணம் பறிக்கப்பட்ட வழக்கில் சிறப்பு உதவி ஆய்வாளரும் வருமான வரித்துறையினரும் கைதானார்கள். லண்டனில் 2021 மார்ச்சில் பணி முடிந்திருந்த காவலர் ஒருவர் தன் அடையாள அட்டையைக் காட்டி, கொரோனா விதியை மீறியதாகச் சொல்லி, நடந்து போன இளம்பெண்ணைக் கைது செய்வதுபோல் காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றார். அதன்பின் அந்த நகரக் காவல்துறை ஒரு நடைமுறை கொண்டுவந்தது. சாதாரண உடையில் தனியாக இருக்கும் காவலர் ஒரு பெண்ணை நிறுத்தினால், அவரே கட்டுப்பாட்டு அறையை வீடியோ அழைப்பில் கூப்பிட்டுத் தான் யார் என்பதை அந்தப் பெண்ணுக்கு உறுதிப்படுத்த வேண்டும்.

தாம்பரத்தில் இதைவிட எளிதாகவே செய்யலாம். அன்றிரவு எந்தெந்த இடத்தில் தணிக்கை, பொறுப்பு அதிகாரி யார் என்ற பட்டியல் கட்டுப்பாட்டு அறையில் இருக்கட்டும். 112க்கு அழைத்துக் கேட்பவருக்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கட்டும். வேகத்தைக் குறைத்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு அடுத்த பெட்ரோல் பங்க் வரையோ வெளிச்சமான கடைத்தெரு வரையோ போய் நிறுத்துபவரைத் தப்பியோடியவராகக் கருதக் கூடாது என்று எழுத்தில் ஆணை வரட்டும். பட்டியலில் இல்லாத இடத்தில் வண்டியை மறித்த காவலர் அதற்கு விளக்கம் தரட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது ஓட்டுநர்களுக்குத் தெரிவதில்லை; தெரிந்து சொன்னால் 'சட்டம் பேசுறியா' என்ற கேள்வி வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆவது பிரிவு, உரிமத்தைக் கேட்கும் அதிகாரத்தைச் சீருடையில் இருக்கும் காவல் அதிகாரிக்குத்தான் தருகிறது. வாயை ஊதச் சொல்வதற்கும் அதேதான் விதி. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் ஆகியவற்றை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டினால் போதும். மின்னணு முறையில் சரிபார்த்த ஆவணத்தைக் காகிதமாகக் கேட்கக் கூடாது என்று 2020 அக்டோபர் முதல் மத்திய விதியே இருக்கிறது. உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டால் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்கிறது 206ஆவது பிரிவு. ஓடும் வண்டியின் சாவியை உருவலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. கைது செய்யும் காவலரின் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. மழைக்கோட்டும் ஒளிரும் மேலங்கியும் பெயர்ப்பட்டையை மறைத்துவிடுகின்றன என்றால், மேலங்கியின் மேலேயே பெயரை அச்சிட்டுத் தருவதற்கு என்ன செலவாகும்?

இதைவிட ஆழமாகப் புண்படுத்துவது பேச்சு. கார் கண்ணாடியை இறக்குபவருக்கு 'சார்', ஆட்டோ ஓட்டுபவருக்கும் பைக்கில் வருபவருக்கும் 'டேய்' என்ற வேறுபாட்டைச் சாலையில் போகும் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. 2018 ஜனவரியில் சீட் பெல்ட் போடாததற்காகப் போக்குவரத்துக் காவலர்கள் கேவலமாகத் திட்டி அடித்தார்கள் என்று குற்றம்சாட்டி, பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் இளம் கால்டாக்சி ஓட்டுநர் தீக்குளித்தார். சில நாட்களில் இறந்துபோனார். அபராதத்தைக் கட்டிவிட்டுப் போயிருப்பார் அவர். அவமானத்தைச் சுமக்க முடியவில்லை. இரவில் நிறுத்தப்படும் இளைஞர்களின் முகத்தைக் கைபேசியில் படமெடுத்து முக அடையாளச் செயலியில் தேடிப் பார்க்கும் வழக்கமும் இப்போது சேர்ந்திருக்கிறது. அந்தச் செயலியின் தரவுத்தளமே 2024 மே மாதத்தில் ஊடுருவப்பட்டது. எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரின் முகத்தைப் படமெடுக்கக் காரணம் சொல்ல வேண்டும், எழுதி வைக்கவும் வேண்டும்.

தடுப்பு வைக்கும் இடமும் உயிர் சம்பந்தப்பட்டது. மேம்பாலம் இறங்கும் இடத்திலும் வளைவிலும் தெருவிளக்கு எரியாத இடத்திலும் இரும்புத் தடுப்புகளை வைக்கக் கூடாது. விரட்டிப் பிடிப்பதும் கூடாது. 2018 மார்ச் 7 அன்று திருச்சி துவாக்குடியில் ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியின் பைக்கைத் துரத்திச் சென்று ஆய்வாளர் உதைத்ததாகவும், கீழே விழுந்த பெண் உயிரிழந்ததாகவும் எழுந்த வழக்கில் அந்த ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். ஹெல்மெட் போடாதவரை உடல்பலத்தால் மறிக்கவோ விரட்டவோ கூடாது, கேமராவில் எண்ணைப் பதிவு செய்து வழக்குப் போடுங்கள் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் சொன்னது. வண்டி எண் கிடைத்துவிட்டால் வீடு தேடி சலான் போகும் காலத்தில், லத்தியை வீச வேண்டிய அவசியம் என்ன?

கேமராவைக் காவலர்களுக்கு எதிரானதாகப் பார்ப்பவர்கள் 2024 அக்டோபரை நினைத்துப் பார்க்க வேண்டும். மெரினாவில் நள்ளிரவில் காரை எடுக்கச் சொன்ன காவலர்களை ஓர் ஆணும் பெண்ணும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். காவலர் நிதானம் இழக்காமல் படம் எடுத்தார். அந்தப் பதிவு இல்லாவிட்டால் அடுத்த நாள் கதை வேறு மாதிரி சொல்லப்பட்டிருக்கும். கேமரா மட்டுமே போதாது என்பதும் உண்மை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 2023 ஜனவரியில் கேமரா அணிந்த காவலர்களே இரவில் ஒரு வண்டியை நிறுத்தி, அந்த ஓட்டுநரைச் சாகும் அளவுக்கு அடித்தார்கள். கம்பத்தில் இருந்த கேமராவின் பதிவுதான் முழு உண்மையைக் காட்டியது. ஆகவே பதிவு காவல் நிலையத்துக்குள் முடங்கிவிடக் கூடாது. நிறுத்தப்பட்டவர் கேட்டால் அது கிடைக்க வேண்டும். உடலில் அணியும் கேமராவையும் வண்டியில் பொருத்தும் கேமராவையும் மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ 2021இலேயே அங்கீகரித்துவிட்டது.

இப்படிக் கட்டுப்படுத்தினால் காவல்துறையின் கை கட்டப்பட்டுவிடும், ரவுடிகள் தப்பிவிடுவார்கள் என்பார்கள். நாள் கணக்குக்காகக் கண்ணில் படும் பைக்கை எல்லாம் ஓரங்கட்டச் சொல்லும் ஏட்டு, உண்மையான குற்றவாளியின் கார் வரும்போது களைத்துப் போயிருப்பார். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2022இல் ஒற்றை விளக்கு எரியாதது போன்ற சிறு குறைகளுக்காக வண்டியை நிறுத்துவதையே தடை செய்தது. இலக்குக் கணக்கை ஒழித்து, ஆளைக் குறைத்து, பயிற்சி பெற்றவர்களை வெளிச்சமான சில இடங்களில் நிறுத்துவது காவலர்களுக்கும் பாதுகாப்பு. 2021இல் ஆணையிடப்பட்ட வார ஓய்வு தாம்பரம் எல்லையில் இரவுப் பணி பார்ப்பவருக்கு முதலில் கிடைக்க வேண்டும். தூங்காத மனிதரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

கடைசியாக, புகார். காவலர் மேல் வரும் புகாரை விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதியின் தலைமையில் ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. தமிழகம் 2013இல் சட்டம் இயற்றியது. அதன்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலர், உறுப்பினர் டி.ஜி.பி.; மாவட்டத்தில் ஆட்சியரும் எஸ்.பி.யும். பெருங்களத்தூரில் நள்ளிரவில் அறை வாங்கிய ஆட்டோ ஓட்டுநர், அடித்தவரின் மேலதிகாரியிடமே போய் நீதி கேட்க வேண்டிய ஏற்பாடு இது. சட்டமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஓய்வு பெற்ற நீதிபதியைத் தலைவராக்க வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. தணிக்கை இடங்களின் பட்டியல், 112 வழி உறுதிப்பாடு, மேலங்கியில் பெயர், பதிவைக் கேட்டுப் பெறும் உரிமை, எத்தனை வண்டி நிறுத்தப்பட்டது, எத்தனை புகார் வந்தது, அவற்றின் மேல் என்ன நடவடிக்கை என்ற மாதாந்திர அறிக்கை ஆகிய எல்லாமே தாம்பரம் காவல் ஆணையரின் ஒரு சுற்றறிக்கையில் அடங்குபவை. அதை அவர் இந்த மாதமே வெளியிட வேண்டும்.