விடை மட்டும் போதாது, ஸ்டெப் வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். முக்கியமாக, என்னிடம் கணக்கு படித்துவிட்டு இன்று கறுப்பு கோட்டு போட்டிருக்கும் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். சிவில் வழக்குகள் நடத்துகிறான். பேச்சுவாக்கில், "நல்ல எக்ஸ்பர்ட் ஒருத்தரைப் பிடிச்சிருக்கேன் சார். நமக்கு என்ன வேணுமோ அதை எழுதித் தருவார்" என்றான். பெருமையாகத்தான் சொன்னான். குடித்துக்கொண்டிருந்த காபி எனக்குக் கசந்துவிட்டது. அன்றைக்கு அவனிடம் காரணம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் சகலை காலமானார். அவரும் ஆசிரியர்தான். காரியம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஒருவர் புரோநோட்டோடு வந்தார். அதில் ₹6 லட்சம், சகலையின் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். "இது அவர் கையெழுத்தே இல்லை" என்றாள் என் மைத்துனி. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஊர், பேர் வேண்டாம்.)

எங்கள் வக்கீல் ஒரு கையெழுத்து நிபுணரை ஏற்பாடு செய்தார். கோர்ட் அனுமதியோடு நோட்டைப் படம் எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சகலையின் பழைய கையெழுத்துகள் வேண்டும். பள்ளி வருகைப் பதிவேட்டில் தினமும் போட்டவை இருந்தன. ஆனால் அவை அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தியவை. ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்துபோனது. நோட்டின் தேதி அதற்கும் நான்கு மாதம் பிந்தியது.

நிபுணர் சரியாகத்தான் கேட்டார். "நோட்டு தேதிக்கு முன்பின் போட்ட கையெழுத்து எதுவும் இல்லையா?"

இருந்தது. பேங்கில் பணம் எடுத்த சீட்டுகள் இருந்தன, கருவூலத்தில் பென்ஷன் நேர்காணல் படிவம் இருந்தது. வக்கீலுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வக்கீல், "கிடைக்கலை சார்" என்றார். வெளியே வந்ததும் என்னிடம் விளக்கினார்: "கை நடுங்கின கையெழுத்தைக் கொடுத்தா, வித்தியாசமெல்லாம் நோயால வந்ததுன்னு அந்தப் பக்கம் சொல்லிடுவாங்க." நான் தலையாட்டினேன். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொன்ன ஆள், அந்த அறையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அறிக்கையின் முதல் நகலில் நிபுணர் ஒரு பத்தி எழுதியிருந்தார். ஒப்பிடக் கிடைத்தவை ஆறு ஆண்டுகளுக்கு மேல் பழையவை, பிந்தைய மாதிரி கிடைத்தால் கருத்து மாறலாம் என்று. வக்கீல் போனில் பேசினார். இறுதி அறிக்கையில் அந்தப் பத்தி இல்லை. "ஒரே நபர் போட்டதல்ல" என்ற வரி மட்டும் கம்பீரமாக நின்றது.

குறுக்கு விசாரணை பத்து நிமிடம்தான் நடந்தது. "அவருக்குப் பக்கவாதம் வந்தது உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றார். "நோய்க்குப் பிறகு போட்ட கையெழுத்தைப் பார்த்தீர்களா?" கொடுக்கவில்லை என்றார். "பார்த்திருந்தால் கருத்து மாறியிருக்குமா?" அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "மாறியிருக்கலாம்" என்றார்.

அத்தோடு முடிந்தது. நோட்டின் சாட்சிகளைக் கோர்ட் நம்பியது. மனையை விற்று வட்டியோடு கட்டினோம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். சாதாரண சாட்சி கண்டதையும் கேட்டதையும்தான் சொல்லலாம், "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நிபுணருக்கு விலக்கு உண்டு. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் அது 45-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 39-வது பிரிவு. நீதிபதிக்கு எலும்பு முறிவும் தெரியாது, கட்டட விரிசலும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தர வேண்டும். அதாவது நிபுணர் என்பவர் கோர்ட்டுக்கு வந்த வாத்தியார். வாத்தியாருக்கு ஒரு பக்கம் சம்பளம் கொடுக்கிறது என்பதற்காகப் பாடம் மாறலாமா?

2009-இல் ரமேஷ் சந்திர அகர்வால் எதிர் ரீஜென்சி மருத்துவமனை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நிபுணர் முடிவை மட்டும் சொன்னால் அது சாட்சியம் ஆகாது. எந்தத் தகவலை வைத்து, என்ன காரணத்தால் அந்த முடிவுக்கு வந்தார் என்பதையும் நீதிபதி முன் வைக்க வேண்டும். படித்தபோது எனக்கு என் வகுப்பறைதான் ஞாபகம் வந்தது. விடையை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, ஸ்டெப் எங்கே என்று எத்தனை முறை உங்கள் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்!

கையெழுத்து விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது கைரேகை அளவுக்கு முழுமையடைந்த சாஸ்திரம் இல்லை என்று 1979-இல் முராரிலால் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கிலாந்தில் 1993-இல் 'இக்காரியன் ரீஃபர்' என்ற கப்பலின் இன்சூரன்ஸ் வழக்கில் நீதிபதி நிபுணரின் கடமைகளைப் பட்டியலே போட்டார். தன் கருத்துக்கு எதிரான விவரங்களையும் நிபுணர் மறைக்கக் கூடாது, போதிய தகவல் இல்லையென்றால் இது தற்காலிகக் கருத்து என்று சொல்ல வேண்டும் என்பவை அதில் உண்டு. இன்று அங்கே நிபுணரின் முதல் கடமை நீதிமன்றத்துக்குத்தான், கூலி கொடுப்பவருக்கு அல்ல என்று விதியே இருக்கிறது. நம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2018 விதிகளில், இரு தரப்பு நிபுணர்களையும் ஒன்றாக உட்காரவைத்து விசாரிக்க வழி செய்திருக்கிறார்கள். சக நிபுணர் பக்கத்தில் இருக்கும்போது சாயம் பூசுவது கஷ்டம்.

வக்கீல் பிள்ளைகள் சண்டைக்கு வருவீர்கள். "கட்சிக்காரருக்காக வாதாடுவதுதானே சார் எங்க வேலை? குறை இருந்தா எதிர்த்தரப்பு கண்டுபிடிக்கட்டும்." நியாயம். வாதாடுவது உங்கள் வேலை. ஆனால் நிபுணரின் வேலை அது இல்லை. நிபுணரிடம் கோர்ட் நடைமுறையைச் சொல்லிக்கொடுங்கள். பாமரனுக்கும் புரிகிற மாதிரி எழுதச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் என்ன கேள்வி வரும் என்று தயார்ப்படுத்துங்கள். இதெல்லாம் தப்பே இல்லை. கேள்வியை நீங்கள் கொடுக்கலாம், விடையைக் கொடுக்கக் கூடாது.

கையில் உள்ளது எல்லாவற்றையும், பாதகமானதையும் சேர்த்து, முதல் நாளே அவர் மேசையில் வையுங்கள். "எந்த ஆவணம் கிடைத்தால் உங்கள் கருத்து மாறும்?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். பாதகமான பதில் வந்தால், அது உங்கள் அறையிலேயே வரட்டும். அப்போது சமரசம் பேச நேரம் இருக்கும். கூண்டில் வந்தால் ஒன்றும் மிஞ்சாது. முடிந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 26, விதி 10-ஏ-யின் கீழ், நீதிமன்றமே ஆணையர் வைத்து விஞ்ஞான ஆய்வு செய்யட்டும் என்று மனு போடுங்கள்.

சொந்தங்களுக்கும் ஒன்று. கோர்ட்டுக்குப் போனால் வக்கீலிடம் எதையும் மறைக்காதீர்கள். அவர் எதையாவது மறைக்கச் சொன்னால், என்னைப் போலத் தலையாட்டாதீர்கள்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. என் மைத்துனிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதர் தனக்குத் தெரியாமல் கடன் வாங்கினாரா, இல்லையா? அதைச் சொல்லக்கூடியவர் எங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவரைச் சொல்லவிடாமல் செய்தவர்கள் நாங்கள்.

அந்த பேங்க் சீட்டுகளை இப்போதாவது வாங்கி யாரிடமாவது காட்டலாமா என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன்.

"இனிமே எந்த நிபுணர் சொன்னாலும் நான் நம்புவேனா அத்தான்?" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை.