ஆற்றுக்கு இடம் விட்ட பூங்கா

நம் செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து சிங்கப்பூருக்குச் சபுர் சென்றோர் பலர். பிள்ளைகளைக் காண அங்கே செல்லும் பெற்றோர், பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கென ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஊருணிக்கரையில் வளர்ந்த நமக்கு அங்கே அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

1988-இல் அமைந்த அப்பூங்காவின் ஓரமாகக் காலாங் ஆறு ஓடியது. ஓடியது என்பதைவிட, அடைபட்டிருந்தது எனலாம். வெள்ளத்தை விரைந்து வெளியேற்றும்பொருட்டு அதனை நேராக்கி, அடியும் சுவரும் கான்கிரீட்டால் கட்டியிருந்தனர். 2009-இல் அக்கான்கிரீட்டை உடைக்கத் தொடங்கினர். 2012 மார்ச்சில் பூங்கா மீண்டும் திறக்கப்பட்டபோது, 2.7 கிலோமீட்டர் வாய்க்கால் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாகியிருந்தது. பூங்காவின் பரப்பு 62 ஹெக்டேர். கரையைக் கற்களும், மண்ணை இறுகப் பற்றும் செடிவேர்களும் காக்கின்றன.

சுவரை இடித்தால் வெள்ளம் ஊருக்குள் வாராதோ எனும் ஐயம் எழுவது இயல்பே. இதற்கு அவர்கள் கண்ட விடை வியப்புக்குரியது. ஆற்றின் இருபுறமும் சரிவான, அகன்ற புல்வெளி. மற்ற நாள்களில் குடும்பங்கள் அங்கே அமர்ந்து உண்கின்றன, குழந்தைகள் ஓடியாடுகின்றனர். கனமழை பெய்துவிட்டாலோ புல்வெளி ஆற்றுக்குரியது! முன்பு 24 மீட்டருக்குள் நெருக்குண்ட நீர், இன்று சில இடங்களில் 100 மீட்டர் வரை பரவிச் செல்லும். பழைய வாய்க்காலைவிடச் சுமார் 40 விழுக்காடு கூடுதலான வெள்ளத்தை ஆறு தாங்குகிறது. நீர்மட்டம் உயர்வதை உணர்கருவிகள் அறிந்ததும் எச்சரிக்கை விளக்குகள் எரியும், சங்கொலி எழும். நீர்நாய்களும் இவ்வாற்றுக்கு வந்து சேர்ந்தன. அவற்றை எவரும் கொண்டுவந்து விடவில்லை.

நம்மூர்களில் ஊருணியை அழகுபடுத்துவதென்றால் சுற்றுச்சுவர், கம்பிவேலி, பூட்டிய வாயில். நீர் கொணரும் வரத்துக்கால் தூர்ந்து கிடப்பதை நோக்குவாரில்லை. நம் பெண்கள் பிள்ளைகளுடன் சற்றே காற்று வாங்கப் பொதுவிடம் எத்தனை ஊர்களில் உண்டு? பணத்துக்கு எங்கே போவது என்பர். வரத்துக்காலைத் தூர்வாரிக் கரையில் நிழல்மரம் வைப்பதற்குச் சிங்கப்பூரின் செல்வம் வேண்டுவதில்லை. ஜமாஅத்தாரும் பிற சமூகப் பெரியோரும் ஒன்றாக அமர்ந்து பேசினாலே தொடங்கிவிடலாம்.

பூங்காவுக்குச் செல்வோர் அஸர் தொழுதபின் புறப்படலாம். பீஷான், அங் மோ கியோ ரயில் நிலையங்கள் அருகிலேயே உள்ளன. சங்கொலி கேட்டால் பிள்ளைகளை உடனே மேட்டுக்கு அழைத்துவிட வேண்டும். உடைத்தெடுத்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டே எழுப்பிய சிறு குன்று ஒன்றும் அங்குண்டு. அதன்மீதேறி நின்றால் ஆற்றின் வளைவைக் காணலாம்.